கோல் விழும்போது கணக்குப் போடும் ரசிகருக்கு

கேள்வி:

ஐயா, வணக்கம். பள்ளி நாட்களிலிருந்து நான் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ரசிகன். அந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் அண்ணன். இருவரும் சேர்ந்துதான் ஆட்டம் பார்ப்போம். சில சீசன்களாக அலுவலக நண்பர்களோடு ஃபேன்டஸி பிரீமியர் லீக் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் விளையாட்டு) ஆடுகிறேன். ஆளுக்குக் கொஞ்சம் பணமும் போட்டிருக்கிறோம். முதலில் பொழுதுபோக்காக இருந்தது. இப்போது ஆட்டம் பார்க்கிறேனா, பாயின்ட் பார்க்கிறேனா என்று எனக்கே புரியவில்லை.

2025 செப்டம்பரில் எங்கள் சொந்த மைதானமான எமிரேட்ஸில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். என் ஃபேன்டஸி அணிக்கு சிட்டியின் ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் கேப்டன். ஆர்சனலின் கோல்கீப்பர் ராயாவும் டிஃபெண்டர் கேப்ரியலும் அதே அணியில் இருந்தார்கள். 9-வது நிமிடத்தில் ஹாலண்ட் கோல் அடித்தார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் ஆர்சனலின் மார்ட்டினெல்லி சமன் செய்தபோது அண்ணன் வீடே அதிரக் கத்தினார். நானோ ஹாலண்டுக்கு போனஸ் கிடைக்குமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோலை ரீப்ளேயில்தான் பார்த்தேன். “நீ ஆர்சனல் ரசிகன் இல்லடா, ஹாலண்டோட கணக்கப்பிள்ளை” என்றார். அதற்குப் பிறகு ஆட்டம் பார்க்க என்னைக் கூப்பிடுவதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கேப்டனாகப் போட்ட வீரர் ஒருவர் ஒரு வாரம் காயத்தால் பாதியில் வெளியேறினார். ஆத்திரத்தில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மோசமாக எழுதிவிட்டேன். மறுநாள் அழித்துவிட்டேன். வீரர்களின் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க நடுராத்திரியில் எழுவதும் உண்டு. நான் இன்னும் ரசிகன்தானா? இந்த விளையாட்டை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இன்னும் ரசிகர்தான். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதவே தோன்றியிருக்காது. ஃபேன்டஸியை விட வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஆனால் ஆடும் விதத்தில் சிலவற்றை மாற்றியாக வேண்டும். நடுராத்திரி எழுவது, இன்ஸ்டாகிராமில் எழுதியது, அண்ணனோடு வந்த மனத்தாங்கல், மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 9-வது நிமிடக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். (இந்த விளையாட்டு தெரியாத வாசகர்களுக்காக: 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 வீரர்களை வாங்க வேண்டும், ஒரு கிளப்பிலிருந்து அதிகபட்சம் 3 பேர். வாராவாரம் அவர்களில் 11 பேரை இறக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் பாயின்ட் உண்டு, கேப்டனுக்கு இரட்டிப்பு.) ஸ்ட்ரைக்கர் அடிக்கும் கோலுக்கு 4 பாயின்ட். ஹாலண்ட் கேப்டன் என்பதால் 8. கோல் வாங்காமல் ஆட்டத்தை முடித்திருந்தால் ராயாவுக்கும் கேப்ரியலுக்கும் கிளீன் ஷீட்டுக்குத் தலா 4 கிடைத்திருக்கும். அந்த 8 போயிற்று. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். உங்கள் அணி சொந்த மைதானத்தில் கோல் வாங்கிய நொடியில் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சந்தோஷப்படவும் முடியாமல் துக்கப்படவும் முடியாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காக உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்பட வேண்டாம். அப்படி மட்டுமே உட்கார முடியும் என்கிற மாதிரி ஓர் அணியை டெட்லைனுக்கு முன்பே நீங்கள் அமைத்து வைத்திருந்தீர்கள்.

கிளப்பை நேசிப்பதிலும் ஃபேன்டஸி அணி நடத்துவதிலும் மனதுக்குள் நடப்பது வேறு வேறு. ஆர்சனல் தோற்றால் வருத்தமாக இருக்கும். ஆனால் அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. யாரை இறக்கலாம் என்று மேனேஜர் ஆர்டெட்டா உங்களைக் கேட்டுவிட்டா முடிவு செய்கிறார்? அதே வருத்தத்தில் உலகம் முழுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பக்கத்திலேயே அண்ணன் இருக்கிறார், சேர்ந்து புலம்பலாம். ஃபேன்டஸியில் வாங்கியது நீங்கள், விற்றது நீங்கள், கேப்டன் பட்டையைக் கட்டிவிட்டதும் நீங்கள். அங்கே தோற்றால் குற்றவுணர்வு வரும். கூட உட்கார்ந்து புலம்பவும் ஆள் கிடைக்காது, ஏனென்றால் உங்கள் அணி விழுந்ததில் அலுவலக நண்பர்களுக்குக் கொண்டாட்டம்.

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் உளவியல் துறையில் அநேகமாக எல்லோரும் படித்தது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வார இறுதியில் ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையில் அதிக மாணவர்கள் வகுப்புக்கு வந்தார்கள். ஜெயித்ததைப் பற்றிப் பேசும்போது “நாம்” என்று சொல்வதும் கூடியது, தோல்வியைப் பேசும்போது குறைந்தது. கிளப் ரசிகருக்கு இந்த வசதி எப்போதும் இருக்கிறது. வெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம், தோல்வியில் “இவனுங்க என்னடா இப்படி ஆடுறானுங்க” என்று தள்ளி நின்று திட்டலாம். ஃபேன்டஸி மேனேஜருக்குத் தள்ளி நிற்க இடம் கிடையாது. அணியின் மேல் எழுதியிருப்பது அவர் பெயர்.

ஒருவரை விற்று இன்னொருவரை வாங்கும் டிரான்ஸ்ஃபர் செய்த வாரங்களில் இது இன்னும் கடுமையாக இருக்குமே? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு கேள்வியைப் பலரிடம் கேட்டார்கள். ஒருவர் தன் பங்குகளை விற்று வேறு கம்பெனிப் பங்குக்கு மாறியதால் பணத்தை இழக்கிறார். இன்னொருவர் மாறலாம் என்று நினைத்து மாறாமல் விட்டதால் அதே அளவு இழக்கிறார். யாருக்கு வருத்தம் அதிகம்? மாறியவருக்குத்தான் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். நீங்கள் விற்ற வீரர் அடுத்த வாரமே இரண்டு கோல் அடித்தால் வயிறு எரிகிறது. வாங்க நினைத்து விட்டுவிட்ட வீரர் அதே இரண்டு கோலை அடித்தால் அவ்வளவு எரிவதில்லை. பாயின்ட் இழப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த விளையாட்டு பிறந்த கதை உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரலாம். கண்டுபிடித்தவர்களே ஒரு தோற்கும் அணியின் ஆட்கள். ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1962 சீசனில் 14 ஆட்டங்கள் ஆடி 13-ல் தோற்றது. அந்தச் சீசனில் அணியோடு கிழக்குப் பக்கம் பயணம் போயிருந்த பில் விங்கன்பாக், நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து இதற்கு விதிகள் வகுத்தார். அவர் ரெய்டர்ஸின் பங்குதாரர்களில் ஒருவர். கூட இருந்தவர்கள் அணியின் மக்கள்தொடர்பு அலுவலர் பில் டனல், ஓக்லாந்து ட்ரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங். 1963 ஆகஸ்டில் விங்கன்பாக் வீட்டில் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் (முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜார்ஜ் பிளாண்டா அப்போது ரெய்டர்ஸ் வீரரே இல்லை, ஹியூஸ்டன் அணிக்காரர். சொந்த அணி வாராவாரம் மானத்தை வாங்கும்போது ஞாயிற்றுக்கிழமையில் சந்தோஷப்பட வேறொரு காரணம் கிடைக்காதா என்ற ஏக்கம் அதற்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக அவர்கள் ரெய்டர்ஸைக் கைகழுவிவிடவில்லை. ஸ்டர்லிங் பின்னாளில் அந்த அணிக்கே பொது மேலாளர் ஆனார்.

அவர்கள் ஆடியதற்கும் நீங்கள் ஆடுவதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டிராஃப்ட் முறையில் ஒரு வீரர் அந்த லீக்கில் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். நீங்கள் ஆடும் முறையில் பணம் ஒதுக்கினால் யார் வேண்டுமானாலும் ஹாலண்டை வாங்கலாம். இதனால் பார்ப்பவரின் மனநிலையே மாறிப்போகிறது. ஹாலண்ட் தன் முதல் பிரீமியர் லீக் சீசனான 2022-23-ல் 36 கோல் அடித்தார், அது லீக் சாதனை. ஃபேன்டஸி ஆடியவர்களில் பெரும்பான்மையானோர் அவரை வைத்திருந்தார்கள். அப்படியானால் அவர் கோல் அடித்தாலும் வைத்திருப்பவருக்குப் பெரிய முன்னேற்றம் கிடைக்காது, போட்டியாளரிடமும் அவர் இருக்கிறாரே. வைத்திராதவருக்கு ஒவ்வொரு கோலும் அடி. பிடித்த வீரர் கோல் போட வேண்டும் என்று காத்திருந்த ரசிகர் போய், தன்னிடம் இல்லாத வீரர் கோல் போட்டுவிடுவாரோ என்று திகிலோடு பார்க்கும் ரசிகர் வந்துவிட்டார். ஆசையால் வாங்குவதைவிடப் பயத்தால் வாங்குவது அதிகம். உங்கள் ஹாலண்டும் அப்படி வந்தவர்தான் என்பது என் ஊகம். எமிரேட்ஸ் ஆட்டத்தில் அவரைக் கேப்டனாக்கியதில் இன்னொரு யோசனையும் ஓடியிருக்கும்: ஆர்சனல் அடி வாங்கினாலும் பாயின்டாவது கிடைக்கட்டும்.

பலர் இப்படிச் செய்ய மறுக்கிறார்கள் என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். கேரி மோர்வெட்ஜ், சிமோன் டாங், ரிச்சர்ட் லாரிக் ஆகிய மூவரும் அமெரிக்க ரசிகர்களிடம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் அணி தோற்றால் பணம் தருகிறோம், நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம் என்றார்கள். கணிசமானவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சும்மா வரும் பணம்! பொருளாதாரப் பாடம் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ரசிகருக்கு அந்தப் பணத்தை வாங்குவது தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது மாதிரி. உங்கள் அண்ணன் அந்த மறுத்தவர்களின் கட்சி. அவருடைய கோபத்தை ஃபேன்டஸி மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தான் வாங்க மறுக்கும் காப்பீட்டைத் தம்பி வாங்கிவிட்டான் என்பதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

ஆகவே நான் கேட்கும் முதல் மாற்றம் இது: ஆர்சனலோடு மோதும் அணியிலிருந்து யாரையும் அந்த வாரம் கேப்டனாக்காதீர்கள். அணியில் வைத்திருங்கள், களத்தில் இறக்குங்கள், பரவாயில்லை. தங்கள் கிளப்பின் பரம எதிரி அணியிலிருந்து ஒருவரைக்கூட வாங்க மாட்டேன் என்று விரதம் இருப்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. கேப்டன் பட்டை மட்டும் வேண்டாம். சிட்டியோடு ஒரு சீசனில் இரண்டே லீக் ஆட்டம். அந்த இரண்டு வாரமும் வேறு யாரையாவது கேப்டனாக்கினால் சில பாயின்ட் போகலாம். போகட்டும். உங்கள் நண்பர்களின் மினி லீக்கில் ஓரிடம் இறங்கினாலும் அண்ணனோடு சேர்ந்து திட்டும் உரிமை மிஞ்சுமே.

அமெரிக்கக் கால்பந்தில் இதே இக்கட்டு ஒரு வீரருக்கே வந்தது. 2009 நவம்பரில் ஜாக்சன்வில் அணியின் மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராகப் பந்தோடு ஓடி, எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது வேண்டுமென்றே மண்டியிட்டார். கோட்டைத் தாண்டி ஓடிப் போய் டச்டவுன் எடுத்திருந்தால் எதிரணிக்குத் திருப்பி அடிக்க நேரம் கிடைத்திருக்கும். நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் ஃபீல்ட் கோல் அடித்து அவர் அணி 24-22 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும், தன்னை ஃபேன்டஸி அணியில் வைத்திருந்து அந்த டச்டவுன் பாயின்ட்டை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அவரே தன் ஃபேன்டஸி அணியில் தன்னை வைத்திருந்தார்.

ஃபேன்டஸியைக் குறை சொல்லிக்கொண்டே போனால் நியாயமாகாது. அது ரசிகரின் உலகத்தை அகலமாக்கியிருக்கிறது. 2015-16-ல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் பட்டம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். சீசன் தொடங்கும்போது ஃபேன்டஸியில் லெஸ்டர் வீரர் மாரெஸின் விலை 55 லட்சம் பவுண்டு, வார்டியின் விலை 60 லட்சம். கிட்டத்தட்ட சில்லறைக் காசு. லெஸ்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட இந்த இருவரையும் வாங்கிவிட்டு வாராவாரம் லெஸ்டர் ஆட்டம் பார்த்தார்கள். வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்தார். மாரெஸ் 240 பாயின்ட் எடுத்து அந்த சீசன் ஃபேன்டஸியில் முதலிடம். சொந்தக் கிளப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த அணி எப்படி மெல்ல மெல்ல எழுந்தது என்பது பின்னால்தான் உறைத்திருக்கும். ஃபேன்டஸி ஆடியவருக்கு இலையுதிர் காலத்திலேயே தெரியும். மேலே ஏறி வந்த புது அணியின் லெஃப்ட் பேக் யார், ஃப்ரீ கிக் யார் எடுக்கிறார், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை என்பதெல்லாம் இன்று சாதாரண ரசிகருக்கு விரல்நுனியில் இருக்கிறது. உலகச் செஸ் சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன் 2019 டிசம்பரில் ஃபேன்டஸி பிரீமியர் லீகில் உலக அளவில் முதலிடத்துக்கே வந்தார். அவ்வளவு மூளையைக் கேட்கும் விளையாட்டு இது.

ஆனால் அதே லெஸ்டர் அணியில் கான்டே இருந்தார். நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்தவர். அடுத்த சீசனில் செல்சீக்குப் போய் அங்கேயும் பட்டம் வென்றார், வீரர்கள் சங்கத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ஃபேன்டஸியில் அவரை யார் தேடி வாங்கினார்கள்? அவர் செய்த வேலைக்கு அப்போது அங்கே பாயின்ட் கிடையாது. பாயின்ட் இல்லாத இடத்துக்குக் கண் போகாது. இதை நிரூபிக்க ஓர் ஆய்வுகூடத் தேவையில்லை, விதி மாறியதைப் பார்த்தாலே போதும். 2025-26 சீசனிலிருந்து ஒரு டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் பந்தை வெளியே அடிப்பது, தடுப்பது, இடைமறிப்பது, டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 பாயின்ட் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். அதுவரை சீந்தாமல் இருந்த சென்டர் பேக்குகளை உடனே எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீரர்கள் செய்த வேலை பழைய வேலைதான்.

உங்கள் எமிரேட்ஸ் ஆட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் தவறவிட்டது ஒரு கோலை மட்டுமா? பந்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதையே கொள்கையாகக் கொண்ட சிட்டி மேனேஜர் கார்டியோலாவின் அணி, அன்று ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பாதிக்குள் கூட்டமாகப் பின்வாங்கி நின்றது. கார்டியோலா அணி அப்படி ஆடி நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? அந்தச் சுவரை உடைக்க ஆர்சனல் முட்டி மோதி, கடைசியில் எசே பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்தை மார்ட்டினெல்லி ஓடிப் பிடித்து, சிட்டியின் அவ்வளவு உயரமான கோல்கீப்பர் டோனாரும்மாவின் தலைக்கு மேலே தட்டிவிட்டார். 9-வது நிமிடத்துக்கும் அந்தக் கோலுக்கும் நடுவே நடந்தது முழுக்க ஒரு நீண்ட மூச்சடக்கல். அந்த நேரத்தில் பாயின்ட் பட்டியலில் ஒன்றுமே அசையாது. பட்டியலைப் பார்க்கிறவருக்கு அது வெற்று நேரம். அண்ணன் கத்தினாரே, அந்தக் கத்தல் எண்பது நிமிடமாக அவருக்குள் ஏறிக்கொண்டே வந்தது. ரீப்ளே பார்க்கிறவருக்கு அது வராது.

அதனால் ஆர்சனல் ஆடும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். பொதுவான உபதேசமாக இதைச் சொல்லவில்லை, இந்த விளையாட்டின் விதியை வைத்தே சொல்கிறேன். அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே டெட்லைன் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எதையும் மாற்ற முடியாது. கேப்டனை மாற்ற முடியாது, பெஞ்சில் இருப்பவரை உள்ளே கொண்டுவர முடியாது. ஆடாதவருக்குப் பதில் ஆளை அதுவே போட்டுக்கொள்ளும். போனஸ் பாயின்ட் ஆட்டம் முடிந்த பிறகுதான் உறுதியாகும். போனைத் திறந்து பார்ப்பதால் ஏதோ கட்டுப்பாடு நம் கையில் இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். மற்ற கிளப்புகள் ஆடும்போது நீங்கள் மூன்று திரையில் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது வேறு விதமான சுகம், அதையும் அனுபவியுங்கள்.

நடுராத்திரி விலை பார்ப்பதற்கு வருகிறேன். விலை ஒரு தடவைக்கு 1 லட்சம் பவுண்டு என்ற அளவில் ஏறும், இறங்கும். ஏறுவதற்கு முன் வாங்கினால் அந்த 1 லட்சம் மிச்சம், சரி. ஆனால் விற்கும்போது ஏறிய தொகையில் பாதிதான் உங்களுக்கு. 2 லட்சம் ஏறியிருந்தால் 1 லட்சம் கிடைக்கும், 1 லட்சம் மட்டும் ஏறியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவசரமாக டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை மேனேஜரின் செய்தியாளர் சந்திப்பில் அதே வீரருக்குத் தொடையில் பிடிப்பு என்று தெரிந்தால், அப்புறம் அவரை மாற்ற 4 பாயின்ட் கொடுத்து இன்னொரு டிரான்ஸ்ஃபர். கணக்கில் புலி நீங்கள், இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபரை டெட்லைன் நாளில் மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டால் வாரத்தின் மற்ற நாட்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேன்டஸி ஆடுபவர்களின் மனநலத்தைப் பார்த்தபோது, அதிக நேரம் செலவழிப்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. ஃபேன்டஸிதான் அதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே மனம் சரியில்லாதவர்கள் அதில் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம். உங்களுக்கு இரண்டில் எது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். அழித்தது நல்லது. ஆனால் நீங்கள் எழுதியது இரவு முழுக்க அங்கே இருந்திருக்கிறது, அவரோ அவர் வீட்டாரோ படித்திருக்கலாம். 2011-ல் ஹியூஸ்டன் டெக்சன்ஸ் வீரர் ஏரியன் ஃபாஸ்டர் தசைக் காயத்தோடு இருந்தபோது, உண்மையிலேயே அக்கறைப்பட்டவர்களுக்கு நன்றாக இருக்கிறேன் என்று ட்விட்டரில் எழுதினார். கூடவே, தங்கள் ஃபேன்டஸி அணியை நினைத்துக் கவலைப்பட்டவர்களுக்கு, உங்களுக்குத்தான் நோய் என்கிற பொருள்பட ஒரு வரியும் எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் முன்பு சொன்ன குற்றவுணர்வுதான் இங்கேயும் வேலை செய்தது. கேப்டனாகப் போட்டது நீங்கள், அந்தத் தவிப்பைத் தாங்க முடியவில்லை, காயம்பட்டவர் மேல் இறக்கி வைத்துவிட்டீர்கள். காயம் யார் கணிப்பிலும் அடங்காது. அவரைத் தேர்ந்தெடுத்தது தவறான முடிவும் இல்லை, நல்ல முடிவுக்கு மோசமான பலன் கிடைத்தது. இந்த வித்தியாசத்தை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளப் பழகினால் திட்ட ஆள் தேட வேண்டியிருக்காது. அதுவரை, பாயின்ட் மோசமாகப் போன இரவுகளில் அந்தச் செயலியைத் திறக்காதீர்கள்.

அண்ணனிடம் ஃபேன்டஸியை நியாயப்படுத்தப் போக வேண்டாம். அவரையும் லீக்கில் சேர்க்கும் யோசனையும் வேண்டாம். அப்படிச் சேர்ந்து மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு, ஆனால் உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் வர மாட்டார். வந்தால் உங்களுக்கு அந்த வீட்டில் ரசிகர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே அடுத்த ஆட்டத்துக்குப் போய் உட்காருங்கள். போனை உள்ளே வைத்துவிட்டு வந்ததை அறிவிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை, அவரே கவனிப்பார். ஒன்றிரண்டு ஆட்டம் கிண்டல் செய்வார். கணக்கப்பிள்ளை என்ற பட்டம் சீக்கிரத்தில் போகாது, அதைச் சிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சீசன் தொடக்கத்தில் ஒருமுறை போட்டு, முடிவில் ஜெயித்தவர் எல்லோருக்கும் விருந்து வைக்கிற அளவு என்றால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வாராவாரம் பந்தயம் என்று மாறியிருந்தாலோ, இழந்ததை அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்று தொகையைக் கூட்டியிருந்தாலோ, வீட்டில் எவ்வளவு என்று சொல்லாமல் மறைத்திருந்தாலோ, மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்குப் போதாது. அப்போது பிரச்சினை கால்பந்தில் இல்லை, சூதாட்டத்தில் இருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகரை நேரில் பாருங்கள், அடுத்த டெட்லைன் வரைகூடத் தள்ளிப்போட வேண்டாம்.